நோய்க் கணக்கை நேர்மையாக வரைய ஒரு கருவி: லிப்ரெஆபிஸ் கால்க் மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு நோய்ச் செய்திகள் எப்போதும் இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன. டெங்குவோ, இங்கே எலிப்பனி என்று சொல்லப்படும் எலிக்காய்ச்சலோ, மஞ்சள் காமாலையோ, எதுவானாலும் கேரளச் சுகாதாரத் துறையின் கணக்கு ஒரு பக்கம் இருக்கும். கோயம்புத்தூரில் அச்சாகும் நாளிதழ்கள் தரும் தமிழ்நாட்டுக் கணக்கு மறுபக்கம் இருக்கும். வேலை ஓர் எல்லையிலும் வீடு மறு எல்லையிலும் உள்ள குடும்பங்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் போக்குவரத்தையும் மருத்துவமனையையும் தீர்மானிக்கின்றன. ஆனால் அந்தக் கணக்குகள் படங்களாக மாறிக் கைபேசிகளில் சுற்றும்போது, எண்கள் சரியாகவே இருந்தாலும் படம் வேறொன்றைச் சொல்லிவிடுகிறது. ஊர் வாசகசாலையின் அறிவிப்புப் பலகைக்காக அத்தகைய படங்களைத் திருத்தி மறுபடி வரையும் பணியை நான் செய்து வருகிறேன். அதற்கு நான் நம்பியிருப்பது லிப்ரெஆபிஸ் தொகுப்பிலுள்ள கால்க் என்னும் விரிதாள் மென்பொருள். அதன் படம் வரையும் பகுதியை, நோய்க் கணக்கு என்ற ஒரே பயன்பாட்டை மட்டும் மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

லிப்ரெஆபிஸ், 2010இல் தொடங்கப்பட்ட டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் கீழ் வளர்ந்து வரும் கட்டற்ற மென்பொருள். விலை இல்லை, கணக்கு தொடங்கத் தேவையில்லை, இணைய இணைப்பு இல்லாமலே இயங்கும். கேரளத்தில் இதற்கு இன்னொரு சிறப்பு உண்டு. அரசுப் பள்ளிகளில், கல்வித் துறையின் தொழில்நுட்பப் பிரிவான கைட் நிறுவனம் வழங்கும் கணினிகளில் கட்டற்ற மென்பொருள்களே இருப்பதால், எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கால்க் பழக்கமானது. எனவே நான் ஒரு படத்தைத் திருத்திவிட்டுக் கோப்பைக் கொடுத்தால், அதைத் திறந்து சரிபார்க்கக்கூடிய ஒருவர் ஏறத்தாழ ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். நோய்க் கணக்கில் இந்தச் சரிபார்க்கும் வசதியை நான் முதன்மையாகக் கருதுகிறேன். தரவு நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை என்பதும் சிறிய விஷயமல்ல. நோயாளிகளின் விவரங்களைக் கையாளும் குடும்ப ஆரோக்கிய மையத்து ஊழியர்கள், எண்களை ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றிப் படம் வாங்குவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

கால்க்கைப் பற்றிய என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்மையான நோய்ப் படத்துக்குத் தேவையான ஏறத்தாழ எல்லா வசதிகளும் இதில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எதையும் இது தானாக முன்வந்து செய்வதில்லை, தவறான ஒன்றைச் செய்யும்போது எச்சரிப்பதும் இல்லை. எண்களைத் தேர்ந்தெடுத்து, படத்தைச் செருகி, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அப்படியே ஒப்புதல் கொடுத்துக்கொண்டே போனால் கிடைக்கும் படம் பெரும்பாலும் அழகாக இருக்கும், பல நேரங்களில் தவறான எண்ணத்தையும் உண்டாக்கும்.

செங்குத்து அச்சின் தொடக்கப் புள்ளியிலேயே இது தெரிந்துவிடும். அச்சின் அமைப்பில் ‘ஸ்கேல்’ என்ற பகுதியில் குறைந்த மதிப்பும் உயர்ந்த மதிப்பும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விடப்பட்டிருக்கும். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் மென்பொருள் அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல், எண்கள் இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டிவிடக்கூடும். ஒரு வாரம் 940 பேர், அடுத்த வாரம் 990 பேர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான உயர்வு நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல். பட்டைப் படத்தின் அச்சு 930இல் தொடங்கினால் முதல் பட்டை 10 அலகு உயரமும் இரண்டாவது 60 அலகு உயரமும் கொண்டிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு நோய் ஆறு மடங்கு ஆகிவிட்டது. பட்டையின் நீளமே அங்கே செய்தி என்பதால் பட்டைப் படம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியே ஆக வேண்டும். கோட்டுப் படத்தில் செய்தி சாய்விலும் வடிவத்திலும் இருப்பதால் சிறிது விலக்கு கொடுக்கலாம்; ஆயினும் பொதுமக்களுக்கான பலகையில் அங்கும் நான் பூஜ்யத்தையே வைக்கிறேன். கால்க்கில் இதைச் சரிசெய்ய ஒரு பெட்டியில் குறியை எடுத்துவிட்டு 0 என்று இட்டால் போதும். எளிய வேலைதான், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நினைவோடு செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லையோரத்தில் இதைவிட அதிகம் தீங்கு செய்வது உயர்ந்த மதிப்பு தானாக அமைவதுதான். பாலக்காட்டுக்கு ஒரு படமும் கோயம்புத்தூருக்கு ஒரு படமும் வரைந்து பக்கத்தில் பக்கமாக ஒட்டினால், கால்க் ஒவ்வொன்றின் அச்சையும் அதனதன் எண்களுக்கு ஏற்ப நீட்டும் அல்லது சுருக்கும். ஒன்றில் உச்சி 50 என்றும் மற்றொன்றில் 500 என்றும் இருக்கலாம். இரண்டு மலைகளும் ஒரே உயரமாகத் தெரியும். அச்சிலுள்ள எண்களைப் படித்து ஒப்பிடும் பழக்கம் நின்றுகொண்டு பலகையைப் பார்ப்பவர்களுக்கு இருக்காது, அதை அவர்களிடம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. இரண்டு படங்களுக்கும் ஒரே உச்ச மதிப்பைக் கையால் கொடுக்கலாம். ஆனால் எண்கள் புதிதாகச் சேர்ந்து உச்சம் தாண்டும்போது இரண்டையும் மறுபடி மாற்ற வேண்டும். ஒரு படத்தின் அச்சை மற்றொன்றுடன் இணைத்துவைக்கும் வசதி கால்க்கில் இல்லை. ஒரே மாதிரியான சிறு படங்களை, மாவட்டத்துக்கு ஒன்றாக, ஒரே அளவுகோலில் வரிசையாக அடுக்குவதுதான் பல ஊர்களின் நோய்ப் போக்கை ஒப்பிட மிகச் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. அதைக் கால்க்கில் செய்வதற்கு ஒவ்வொரு சிறு படத்தையும் தனித்தனியே வடிவமைக்க வேண்டியிருப்பது இந்த மென்பொருளின் பெரிய குறை.

ஒரே அளவுகோல் கொடுத்தாலும் ஒப்பீடு முடிந்துவிடுவதில்லை; மக்கள்தொகையால் வகுக்காத எண்ணில் பெரிய மாவட்டம் எப்போதும் நோயுற்ற மாவட்டமாகவே தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி வயநாட்டில் 8.17 லட்சம் பேர், மலப்புறத்தில் 41.13 லட்சம் பேர். இரண்டு மாவட்டங்களிலும் நூறு நூறு நோயாளிகள் என்றால், லட்சம் பேருக்கு வயநாட்டில் 12.2, மலப்புறத்தில் 2.4. ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகள் ஐந்து மடங்கு வேறுபாட்டை மறைத்துவிடும். பாலக்காட்டின் 28.1 லட்சத்தையும் கோயம்புத்தூரின் 34.6 லட்சத்தையும் ஒப்பிடும்போது இந்த இடைவெளி சிறியது, இடுக்கியின் 11.1 லட்சத்தையும் தேனியின் 12.5 லட்சத்தையும் ஒப்பிடும்போது இன்னும் சிறியது. ஆனால் நீலகிரியை மலப்புறத்தோடு ஒப்பிட்டால் படம் தலைகீழாகும். விரிதாளின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. மக்கள்தொகைக்கு ஒரு பத்தி, லட்சத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிட ஒரு பத்தி, பிறகு அந்தப் பத்தியின்படி இறங்கு வரிசை, அவ்வளவுதான். படம் வரையும் கருவி மட்டுமாக இருக்கும் மென்பொருள்களில் இந்த முன்வேலையை வேறெங்கோ செய்து கொண்டுவர வேண்டியிருக்கும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்னும் 2011 எண்களையே அடிப்படையாகக் கொள்கிறேன். அதைப் படத்தின் அடியில் எழுதியும் வைக்கிறேன்.

கிடைமட்ட அச்சில் கால்க் நன்றாகவே செயல்படுகிறது, ஒரு நிபந்தனையோடு. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, அதிகம் பாதிக்கப்பட்ட ஐந்து கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளின்) கொரோனா எண்ணிக்கையைப் பட்டைப் படமாக வெளியிட்டது. அதில் நாட்கள் கால வரிசையில் இல்லை. ஏப்ரல் 28க்கு அடுத்து ஏப்ரல் 27 வந்தது. பட்டைகளை உயரத்தின்படி இறங்கு வரிசையில் அடுக்கியிருந்ததால் நோய் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதுபோல் தோன்றியது. கண்டனம் எழுந்தபின் அது திருத்தப்பட்டது. கால்க்கில் கிடைமட்ட அச்சின் வகையை ‘டேட்’ என்று வைத்தால், விரிதாளில் வரிசைகள் எப்படிக் கலைந்திருந்தாலும் நாட்கள் நாட்காட்டி வரிசையில்தான் நிற்கும். அறிக்கை வராத நாளுக்குரிய இடமும் காலியாக விடப்படும். ஆனால் அந்தக் கட்டங்களில் இருப்பது உண்மையான தேதியாக இருக்க வேண்டும். அரசு அறிக்கையிலிருந்து ஒட்டிய தேதி வெறும் எழுத்தாக உள்ளே வந்திருந்தால், மென்பொருள் அதை ஊர்ப்பெயரைப்போல் நடத்தி வரிசைப்படி வரைந்துவிடும். 03/04 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்ற குழப்பமும் கோப்பை உள்ளே கொண்டுவரும் நேரத்தில்தான் நுழைகிறது. அப்போது திறக்கும் சாளரத்தில் அந்தப் பத்தியைத் தேர்ந்து, நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் குறிப்பிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இந்தச் சாளரத்தைப் பொறுமையாகப் படிக்காமல் தாண்டுபவர்களே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செங்குத்து அச்சில் எண்களைச் சீரற்ற இடைவெளியில் அடுக்கும் திரிபை மட்டும் கால்க் அடியோடு தடுத்துவிடுகிறது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவின் டென்வர் நகரத் தொலைக்காட்சி ஒன்று காட்டிய படத்தின் அச்சில் 30, 60, 90, 100, 130, 160, 190, 240, 250, 300 என்று எண்கள் சம இடைவெளியில் நின்றன. ஓரிடத்தில் ஒரு படிக்கு 10, இன்னோரிடத்தில் 50. எண்ணளவு அச்சைக் கால்க்கே வரைவதால் அப்படி ஒன்று இங்கே நேர வாய்ப்பில்லை. நோய்ப் படங்களை ஓவிய மென்பொருளில் கையால் வரையும் அச்சக நண்பர்களுக்கு நான் இதைச் சொல்லித்தான் விரிதாளைப் பரிந்துரைக்கிறேன்.

விடுபட்ட நாட்களுக்கு மூன்று வழிகள் தரப்பட்டுள்ளன: இடைவெளி விடுவது, பூஜ்யம் என்று கொள்வது, கோட்டைத் தொடர்வது. நோய்க் கணக்குக்கு முதல் வழி மட்டுமே ஏற்றது. விடுமுறை நாளைப் பூஜ்யமாக்கினால் அன்று யாருக்கும் நோய் இல்லை என்று பொருளாகும்.

நாளுக்கு நாள் ஏறியிறங்கும் எண்ணை ஏழு நாள் சராசரியாக்கிக் காட்டுவது இப்போது பரவலான வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறைவதால் அடுத்த நாள் எண்ணிக்கை தாழ்வதும், வார நடுவில் எழுவதும் நோயின் இயல்பல்ல, அலுவலகத்தின் இயல்பு. கால்க்கில் போக்குக் கோடுகளுள் ஒன்றாக நகரும் சராசரி இருக்கிறது. ஆயினும் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. விரிதாளிலேயே ஒரு பத்தியில் சராசரியைக் கணக்கிட்டால் எந்த ஏழு நாட்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். கடந்த ஏழு நாட்களின் சராசரி என்றால் அது உண்மைப் போக்குக்கு மூன்று நாள் பிந்தியே நகரும். அதைப் படத்தின் கீழே எழுத வேண்டும். பிறகு ‘காலம் அண்ட் லைன்’ என்னும் வகையில், அன்றாட எண்களை வெளிர்நிறப் பட்டைகளாகவும் சராசரியை அழுத்தமான கோடாகவும் ஒரே படத்தில் தரலாம். நோய்க் கணக்குக்கு இந்த மென்பொருளில் உள்ள படவகைகளிலேயே சிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். மூல எண்ணும் மறைவதில்லை, போக்கும் தெளிவாகிறது. இதுவரையான மொத்தத்தைக் காட்டும் கூட்டுக் கோடு இதற்கு நேர் எதிரானது. அது எப்போதும் ஏறும், இறங்கவே இறங்காது. நோய் தணிந்த பிறகும் அச்சமூட்டும் அல்லது தட்டையாகி, புதிய எழுச்சியை மறைக்கும். பலகையில் அதற்கு நான் இடம் கொடுப்பதில்லை.

கோட்டை வளைத்து மென்மையாக்கும் வசதியைக் கால்க்கில் யாரும் நோய்க் கணக்குக்குத் தொடவே கூடாது. ‘கியூபிக் ஸ்ப்லைன்’ என்பதைத் தேர்ந்தால், சில நாட்கள் பூஜ்யமும் ஒரு நாள் 12உம் இருக்கும் இடத்தில் வளைகோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி ஏறும். நோயாளிகளின் எண்ணிக்கை எதிர்மறையாவது எப்படி? ‘பி-ஸ்ப்லைன்’ இன்னும் மோசம், அது தரவுப் புள்ளிகளின் வழியாகவே போவதில்லை. போக்குக் கோட்டை முன்னோக்கி நீட்டும் வசதியும் இப்படிப்பட்டதே. 2020 மே 5 அன்று அமெரிக்க வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் குழு வெளியிட்ட இறப்புப் படத்தில், முப்படிச் சமன்பாட்டில் பொருத்திய ஒரு வளைகோடு மே நடுவிலேயே பூஜ்யத்தைத் தொட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அந்நாட்டின் இறப்புகள் ஒரு லட்சத்தைக் கடந்தன. கால்க்கில் முப்படியும் அடங்கும் பல்லுறுப்புக் கோவை (பாலினாமியல்) வகையைத் தேர்ந்து, எத்தனை நாள் முன்னால் என்று ஓர் எண்ணை இட்டால் அதேபோன்ற ஒரு கோட்டை ஒரு நொடியில் வரைந்துவிடலாம். அந்தக் கோட்டுக்கும் தொற்று எப்படிப் பரவுகிறது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மருத்துவமனைப் படுக்கைகளைத் தயார்செய்பவர்கள் பார்க்கும் படத்தில் இத்தகைய கோடு இருப்பது ஆபத்து.

முப்பரிமாணத் தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பட்டைகளைக் கூம்பாகவும் பிரமிடாகவும் மாற்றும் வசதியைக்கூட கால்க் தருகிறது. கூம்பின் உச்சி எந்தக் கோட்டுக்கு நேராக நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பெட்டியில் ஒருபோதும் குறி வைக்காதீர்கள். மாவட்டவாரியான எண்ணிக்கையை வட்ட விளக்கப்படமாக்குவதும் வேண்டாம். கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களுக்கான பதினான்கு துண்டுகளைக் கண்ணால் அளக்க இயலாது.

மடக்கை (லாக்) அளவுகோல், அதாவது சம உயரத்துக்குச் சம மடங்கு ஏறும் அளவுகோல், ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. நூறு ஆயிரமாவதும் ஆயிரம் பத்தாயிரமாவதும் அதில் ஒரே உயரம். தொற்று எந்த வேகத்தில் பெருகுகிறது என்று அறிய விரும்பும் மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் அது மிகவும் பயனுள்ளது. சாய்வு குறைந்தால் வேகம் குறைகிறது என்று உடனே தெரியும். ஆனால் ஊர்ப் பலகையில் அதை நான் வைப்பதில்லை. மேலேறும் நோய் மட்டுப்பட்டதுபோல் பலர் கண்ணுக்குத் தோன்றிவிடும். தவிர, ஒரு பஞ்சாயத்தின் கணக்கில் பூஜ்ய நாட்கள் நிறைய இருக்கும், பூஜ்யத்துக்கு மடக்கை இல்லாததால் அந்த நாட்கள் படத்திலிருந்தே விடுபட்டுப் போகும். இரட்டைச் செங்குத்து அச்சுகளையும் நான் தவிர்க்கிறேன். இடப்புறம் நோயாளிகள், வலப்புறம் தடுப்பூசிகள் என்று இரண்டு அளவுகோல்களை நீட்டியும் சுருக்கியும், இரண்டு கோடுகள் எந்த இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதை வரைபவரே முடிவு செய்துவிட முடியும்.

கணக்கின் வரையறை மாறும் நாட்களைக் குறிக்கத்தான் கால்க் என்னை மிகவும் சிரமப்படுத்துகிறது. 2020 பிப்ரவரி 12ஆம் தேதிக்கான கணக்கில் சீனாவின் ஹூபெய் மாகாணம் 14,840 புதிய நோயாளிகளைக் காட்டியது. அவர்களுள் 13,332 பேர், பரிசோதனை முடிவு இல்லாமல் மருத்துவ அறிகுறிகளால் கண்டறியப்பட்டவர்களாக அன்றுதான் முதன்முறை சேர்க்கப்பட்டவர்கள். 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு, முன்பு கணக்கில் வராத 444 இறப்புகளைச் சேர்த்தது. 2021 ஜூனில் பீகார் ஒரே நாளில் 3,951 இறப்புகளைச் சேர்த்தது. கேரளமும் 2021 இறுதியில் பழைய இறப்புகளை நாளறிக்கையோடு சேர்த்து வெளியிட்டது. இவை விடுபட்டதைச் சேர்த்த நல்ல செயல்கள். ஆனால் படத்தில் அந்த நாள் ஒரு கோபுரமாக எழுந்து, அன்றைக்கே அத்தனை பேர் இறந்ததுபோல் காட்டும். இதற்கு நான் கையாளும் வழி, பழைய இறப்புகளைத் தனிப் பத்தியில் பிரித்து, அடுக்குப் பட்டையாக வேறு நிறத்தில் காட்டுவது; பார்ப்பவருக்கு வேறுபாடு உடனே புரியும். ஆனால் ‘இந்த நாளில் வரையறை மாறியது’ என்று ஒரு செங்குத்துக் கோடும் குறிப்பும் போட வேண்டுமென்றால், படத்தின் மேல் ஒரு கோட்டையும் எழுத்துப் பெட்டியையும் கையால் வைக்க வேண்டியிருக்கிறது. அது தேதியோடு இணைக்கப்படுவதில்லை. அடுத்த வாரம் புதிய எண்கள் சேர்ந்து அச்சு நீளும்போது குறிப்பு பழைய இடத்திலேயே நின்று வேறொரு நாளைச் சுட்டும். நோய்க் கணக்கில் குறிப்பு படத்தைவிட முக்கியமானதாகிவிடும் நேரங்கள் உண்டு என்பதால், இந்தக் குறையை நான் சிறியதாக எண்ணவில்லை.

மென்பொருளால் தீராத திரிபும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. 2021 ஆகஸ்டில் இந்தியாவின் அன்றாட கொரோனா எண்ணிக்கையில் பாதிக்கும் மேல் கேரளத்திலிருந்து வந்த நாட்கள் இருந்தன. மாநிலவாரியான பட்டைப் படங்கள் எல்லாவற்றிலும் கேரளமே உயர்ந்து நின்றது. வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டும் ஒவ்வொருவரும் அந்தப் படத்தின் பெயரால் ஐயத்தோடு பார்க்கப்பட்டார்கள். அதே காலத்தில், 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காம் சுற்று எதிர்ப்பொருள் ஆய்வில் கேரளத்தில் 44.4 விழுக்காட்டினருக்கே எதிர்ப்பொருள் இருந்தது. தமிழ்நாட்டில் அது 69.2, மத்தியப் பிரதேசத்தில் 79. அதாவது அதுவரை தொற்றோ தடுப்பூசியோ மிகக் குறைந்த விகிதத்தினரை எட்டியிருந்த மாநிலமே, அன்றாடக் கணக்கில் மிக உயர்ந்து நின்றது. இன்னும் தொற்றக்கூடியவர்கள் அங்கே அதிகம் இருந்தார்கள் என்பதும், நேர்ந்த தொற்றில் கண்டுபிடிக்கப்பட்ட பங்கு அங்கே அதிகம் என்பதும் இதற்குள் இருக்கின்றன. நோயாளிகளின் பட்டையை மட்டும் வரைந்தால், தேடிக் கண்டுபிடித்த மாநிலம் தண்டிக்கப்படும். தேடாத மாநிலம் பாராட்டப்படும். எனவே பரிசோதனைகளின் எண்ணிக்கையும், நூறு பரிசோதனைகளில் எத்தனை நோய் உறுதியாயின என்ற விகிதமும் நோயாளிகளின் படத்துக்குக் கீழே, அதே கிடைமட்ட அச்சில், தனிப் படங்களாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கேரளச் சுகாதாரத் துறையின் தொற்றுநோய் அறிக்கையில் எலிக்காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் சந்தேகிக்கப்படுபவை, உறுதி செய்யப்பட்டவை என இரண்டு தனி எண்கள் உண்டு. இரண்டையும் கூட்டி ஒரே பட்டையாக்கியும், ஒரு வாரம் முன்னதையும் மறுவாரம் பின்னதையும் எடுத்தும் வரைந்த படங்களை நான் கைபேசியில் கண்டிருக்கிறேன். அவற்றை இரண்டு நிறங்களில் பிரிப்பது கால்க்கில் சில நிமிட வேலை, ஆனால் பிரிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியது வரைபவர்தான்.

சிறிய எண்களில் இன்னும் கவனம் தேவை. ஒரு வார்டில் ஒருவருக்கு இருந்தது மூவருக்கு ஆனால் அதை இருநூறு விழுக்காடு உயர்வு என்று படம் போடுவது கணக்குப்படி சரி, பொருள்படி தவறு. தவிர, அந்த மூவர் யார் என்று ஊருக்கே தெரியும். பஞ்சாயத்து அளவுக்குக் கீழே நான் படம் வரைவதில்லை.

கோப்பைச் சேமிக்கும் வடிவத்திலும் ஒரு எச்சரிக்கை. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 நோயாளிகளின் விவரங்கள் தேசியக் கணக்கில் விடுபட்டன. ஆய்வகங்களின் தரவு, 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காத எக்ஸெல் மென்பொருளின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தில் ஏற்றப்பட்டதே காரணம். கால்க்கின் சொந்த வடிவத்தில் 10,48,576 வரிசைகள் உண்டு. எங்கள் ஊர்க் கணக்குக்கு அந்த வரம்பு என்றும் எட்டாது. ஆனால் மாநில அளவில் ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை என்று வைத்திருப்பவர்கள், நண்பருக்கு அனுப்புவதற்காகப் பழைய வடிவத்தில் சேமிக்கும்போது கோப்பின் பின்பகுதி போய்விடும் என்பதை மறக்கக்கூடாது.

தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை எனக்கு நிறைவுதான். 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நிரல் பயன்படுவதால், படத்தின் தலைப்பிலும் அச்சுப் பெயரிலும் கொம்பும் காலும் இடம் மாறாமல் அமைகின்றன. எழுத்துரு அமைப்பில் இந்திய மொழிகளுக்கான பகுதி தனியாக இருக்கும். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைத் தேர்ந்தால் போதும். மாவட்டப் பெயர்கள் நீளமானவை என்பதால் நிமிர்ந்த பட்டைகளின் கீழே அவை சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் வரும். படுக்கைப் பட்டையாக மாற்றினால் திருவனந்தபுரமும் பத்தனம்திட்டையும் தடையின்றிப் படிக்கக் கிடைக்கும். மென்பொருளின் பட்டியல்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாததால் ஆங்கிலமும் தமிழும் கலந்து வருகிறது. இந்தக் குறையைத் தீர்க்கத் தன்னார்வலர்கள் வேண்டும், மொழிபெயர்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் எங்கள் பகுதியில் நிறையவே இருக்கிறார்கள்.

மாவட்டங்களை நிறமிட்டுக் காட்டும் நிலவரைபடம் கால்க்கில் இல்லை. அதற்குக் க்யூஜிஐஎஸ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. கற்றுக்கொள்ளக் கூடுதல் காலம் பிடிக்கும். பரப்பில் பெரிய இடுக்கி ஒரு நிறத்தில் நிரம்பினால், அதைவிடப் பன்மடங்கு மக்கள் வாழும் மலப்புறத்தைவிட அதுவே கண்ணைக் கவரும் என்பதால், நிலவரைபடத்தை நான் இன்னும் பலகையில் வைக்கவில்லை. லட்சத்துக்கு எத்தனை பேர் என்ற படுக்கைப் பட்டைகளே அங்கே இருக்கின்றன. படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து எஸ்விஜி வடிவில் ஏற்றுமதி செய்தால் ஏ3 தாளில் அச்சிட்டாலும் எழுத்து மங்காது. கருப்பு வெள்ளையில் நகலெடுப்பவர்களுக்காகப் பாலக்காட்டுக்கு முழுக்கோடும் கோயம்புத்தூருக்குப் புள்ளிக்கோடும் வைக்கிறேன். கோட்டின் வகையை மாற்றும் அமைப்பு தரவுத்தொடரின் பண்புகளிலேயே இருக்கிறது.